செட்லெவல் கொடுத்த பிறகும் டீபக் வரி ஏன் வரவில்லை?

கேள்வி: பைத்தான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல், நிரல் வழியாகவே லாக் லெவலை இன்ஃபோவிலிருந்து டீபக்குக்கு மாற்ற வேண்டும். லாக்கரில் (லாக் வரிகளை உருவாக்கும் பகுதி) செட்லெவல் கொடுத்தேன், ஒரு வரி கூடக் கூடுதலாக வரவில்லை. எங்கே தவறு?

பதில்: செட்லெவல் வேலை செய்திருக்கும். பெரும்பாலும் ஹேண்ட்லர்தான் (வரியை ஃபைலிலோ திரையிலோ எழுதும் பகுதி) தடுக்கிறது.

லெவல் என்பது வெறும் எண்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. ஒவ்வொரு வரியின் எண்ணும் முதலில் லாக்கரின் எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிறகு ஹேண்ட்லரின் எண்ணுக்கும். லாக்கரை 10-க்கு இறக்கிவிட்டு ஹேண்ட்லரை 20-லேயே விட்டால் வரி அங்கேயே விழுந்துவிடும். ஹேண்ட்லர் பிறக்கும்போது 0-தான், எதையும் தடுக்காது; கான்ஃபிக்கில் யாரோ 20 போட்டிருப்பார்கள். எரர்களுக்கென்று தனி ஃபைல் வைத்திருந்தாலொழிய, ஹேண்ட்லரை 0-லேயே விட்டு லாக்கரில் மட்டும் கட்டுப்படுத்துவதே நல்லது.

எல்லா லாக்கருக்கும் மேலே இருக்கும் ரூட் லாக்கரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. 'ஆப்.பேமென்ட்' லாக்கர் 10, ரூட் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேமென்ட்டின் டீபக் வரி மேலேறி ரூட்டின் ஹேண்ட்லருக்குப் போகும்போது ரூட்டின் 30-ஐ யாரும் பார்ப்பதில்லை. ஹேண்ட்லரின் எண் மட்டுமே பார்க்கப்படும். ரூட்டையே 10 ஆக்கினால் நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் எல்லாம் சேர்ந்து கொட்டும், தேடுவது கிடைக்காது.

லாக்கர், ஹேண்ட்லர் இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? லாகிங்.டிசேபிள் எங்காவது கூப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள், அது எல்லா லாக்கரையும் மீறும். லாகிங்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக்கை இரண்டாம் முறை கூப்பிட்டுப் பயனில்லை. ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் அது சத்தமில்லாமல் திரும்பிவிடும். பைத்தான் 3.8 முதல் அதற்கு ஃபோர்ஸ் என்ற ஆர்கியுமென்ட் உண்டு, ஆனால் அது பழைய ஹேண்ட்லர்களைக் கழற்றி மூடிவிடும்.

அடுத்து, மாற்றத்தை எப்படித் தூண்டுவது? அட்மின் யுஆர்எல் வைத்தால், ஒரே சர்வீஸின் 4 வொர்க்கர் ஓடும் இடத்தில் அந்த ரிக்வெஸ்ட் ஒரு வொர்க்கரைத்தான் சேரும். மற்ற மூன்றும் தனித்தனி பிராசஸ், அவற்றுக்கு எதுவும் தெரியாது. விளைவு, டீபக் வரி நாலில் ஒரு பங்குதான் வரும். பக் எப்போதாவதுதான் வருகிறது என்று ஏமாந்து போவீர்கள். ஒரு சிறிய ஃபைலில் லெவலை எழுதி, ஒவ்வொரு வொர்க்கரும் 30 விநாடிக்கு ஒருமுறை அதைப் படிக்கும்படி செய்வது எளிது. பிராசஸுக்குச் சிக்னல் அனுப்பினாலும் ஆகும், ஆனால் ஜிகூனிகார்ன் என்ற வெப் சர்வர் யுஎஸ்ஆர்1 சிக்னலை லாக் ஃபைலை மறுபடி திறக்க ஏற்கெனவே வைத்திருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.

டீபக்கைத் திறந்தவர் மூட மறப்பது வழக்கம். திறக்கும்போதே த்ரெடிங்.டைமர் ஒன்றை 600 விநாடிக்கு வைத்துப் பழைய லெவலுக்குத் திருப்புங்கள். பழைய மதிப்பை லாக்கரின் லெவல் என்ற அட்ரிபியூட்டிலிருந்து எடுங்கள், கெட்எஃபெக்டிவ்லெவலிலிருந்து அல்ல. லாக்கர் 0-ஆக இருந்தால், அதாவது அதற்கென்று லெவல் வைக்காவிட்டால், தன் பெற்றோரின் (மேலே இருக்கும் லாக்கரின்) 30-ஐ இரவல் வாங்கியிருக்கும்; கெட்எஃபெக்டிவ்லெவல் அந்த 30-ஐத்தான் தரும். அந்த 30-ஐயே திரும்ப எழுதிவிட்டால், பிறகு பெற்றோரை மாற்றினாலும் அது அசையாது.