டாப்பை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கப் தண்ணி ஊத்துங்க

கேள்வி: அண்ணே வணக்கம், நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன். போன வருஷம் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன், துணிக் கூரையை மடக்கித் திறக்கிற ரெண்டு சீட்டு கன்வர்ட்டிபிள். அந்தக் கூரை, அதான் சாஃப்ட் டாப், துணி எங்கயும் கிழியல, ஆனா ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பேஞ்சா டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட் சொதசொதன்னு ஆயிடுது, காலையில பாத்தா கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்து நிக்குது. கராஜ்ல காட்டுனா டாப்பையே மாத்தணும்னு பெரிய தொகை கேக்குறாங்க. வீட்டுல வேற "மழை ஊருக்கு வந்து கூரை இல்லாத காரை யார் வாங்கச் சொன்னா"ன்னு தினம் அர்ச்சனை. என்ன பண்றது?

பதில்: தம்பி, கராஜுக்கு போன் போட்டு கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிருங்க. துணி கிழியலன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு துணியை மாத்தணும்?

இந்த வண்டியில டாப் மேல விழுற மழையில பெரும்பகுதி பின்பக்கமா வழிஞ்சு எங்க போகுதுன்னு பாருங்க. டாப்போட பின் ஓரத்துக்கு அடியில, சீட்டுக்குப் பின்னாடி, பிளாஸ்டிக்ல ஒரு வாய்க்கா மாதிரி இருக்கும், அதுக்குப் பேரு ரெயின் ரெயில். தண்ணி அதுல விழுந்து ரெண்டு பக்க மூலைக்கும் ஓடி, சீட் பெல்ட் வர்ற அந்த மேட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டை வழியா குழாயில இறங்கி, பின் டயருக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டிக்கு அடியில தரையில கொட்டணும். நம்ம ஊர் ஓட்டு வீட்டு தகரக் கால்வாய் கதைதான். அதுல வேப்பிலை அடைச்சா தண்ணி திண்ணைக்கு வருமில்ல, இங்க சீட்டுக்குப் பின்னாடி வருது. 1989-ல வந்த முதல் மாடல்லயும் சரி, 1998-லேர்ந்து 2005 வரைக்கும் வந்த உங்க மாடல்லயும் சரி, இதான் ஏற்பாடு.

அதனால முதல்ல டாப்போட முன் லாக் ரெண்டையும் எடுத்துட்டு பாதி தூக்கி வெச்சுக்கிட்டு, டார்ச் அடிச்சு அந்த மூலையை எட்டிப் பாருங்க. ஓட்டை தெரியும். ஒரு கப் தண்ணி மெதுவா ஊத்திட்டு கீழ குனிஞ்சு பாருங்க, பின் டயருக்கு முன்னாடி சொட்டுனா அந்தப் பக்கம் கிளியர். ஊத்துன தண்ணி அப்படியே தளும்பிக்கிட்டு நின்னா திருடன் கிடைச்சிட்டான். ரெண்டு பக்கமும் பண்ணிப் பாத்துருங்க.

அடைப்பு எடுக்குறேன்னு துணி மாட்டுற ஹேங்கர் கம்பியை நேராக்கி உள்ள குத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. குழாய் பொத்துக்கிச்சுன்னா தண்ணி தரைக்குப் போகாம பாடிக்குள்ள இறங்கும், அது கார்பெட் நனையிறதை விட மோசம், ஏன்னா அது கண்ணுக்கே தெரியாது. கம்ப்ரஸர் காத்தும் வேணாம், குழாய் கழண்டுக்கும். புல் வெட்டுற மெஷின்ல போடுற நைலான் நரம்பு இருக்கில்ல, அதோட முனையை மழுக்கிட்டு மெதுவா விட்டு ஆட்டி ஆட்டி எடுங்க, நடுநடுவுல தண்ணி ஊத்துங்க. ஈரம் உறிஞ்சுற வேக்கூம் இருந்தா மேல இருந்து உறிஞ்சி எடுக்கலாம்.

லண்டன்ல ஃபிரண்ட் ஒருத்தரோட வண்டி, வருஷக்கணக்கா பிளேன் மரத்தடியிலயே நின்ன வண்டி, அதுல இதைப் பண்ணும்போது நான் கூட இருந்தேன். கால் மணி நேரம் ஒண்ணுமே வரல, நான்கூட குழாயே இல்லையோன்னு நெனச்சேன். அப்புறம் கொளக்னு ஒரு சத்தம், அடியில கறுப்பா, ஃபில்டர்ல தங்குற காபிச் சக்கை மாதிரி ஒரு உருண்டை விழுந்துச்சு, அது பின்னாடியே ஒரு சொம்பு தண்ணி. நாத்தம் ரெண்டு நாள் கையை விட்டுப் போகல. அந்த வண்டி அதுக்கப்புறம் ஒழுகவே இல்ல.

குழாய் நல்லா இருந்தும் நனையுதுன்னா அடுத்து அந்த ரெயின் ரெயிலையே பாருங்க. வயசான பிளாஸ்டிக், மூலையில விரிசல் விடும். அதை 10 மிமீ நட்டுகளால ஒரு இரும்புப் பட்டை அழுத்திப் பிடிச்சிருக்கும், பின்னாடி இருக்கிற கார்பெட்டைக் கழட்டினாத்தான் தெரியும், ஒரு சனிக்கிழமை முழுசா போயிடும். ரெயில் தனியாவே விக்குது. இந்த வண்டியோட தயாரிப்பு எண்ணிக்கை 2016-லயே பத்து லட்சத்தைத் தொட்டுருச்சு, உங்க கஷ்டத்தை ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் பட்டு முடிச்சதால பார்ட்ஸுக்குப் பஞ்சமில்ல. ஒருவேளை கடைசியில டாப்பே மாத்துறதா இருந்தா, புது டாப்போட ரெயிலும் சேர்ந்து வருதான்னு வாய்விட்டுக் கேளுங்க, சிலதுல வரும் சிலதுல வராது.

இது ரெண்டும் இல்லன்னா கதவுக் கண்ணாடி. ஃபிரேம் இல்லாத கண்ணாடி, ரப்பர்ல போய் அழுத்துறதை நம்பித்தான் இருக்கு. ஒரு துண்டுப் பேப்பரை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெச்சு கதவைச் சாத்தி இழுங்க, சும்மா வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்துல அழுத்தம் பத்தல, கதவுக்குள்ள அட்ஜஸ்ட் பண்ண போல்ட் இருக்கு. இன்னொண்ணு, ரப்பர் முழுக்க டால்கம் பவுடர் தடவிட்டு உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சு வெளிய ஓஸ்ல மெதுவா தண்ணி விடுங்க. கீழ ஆரம்பிச்சு மேல போகணும், மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனைஞ்சு எங்க பூந்துச்சுன்னே தெரியாது. பவுடர்ல கோடு விழுந்த இடம்தான் வழி. பிரஷர் வாஷர் வேணாம், அதுக்கு ஒழுகாத கன்வர்ட்டிபிள் கிடையாது. உள்ள உக்கார வீட்டம்மாவைக் கூப்பிடுறது உங்க தைரியம்.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. கதவுக்குக் கீழ ஓடுற பாடிப் பட்டைக்கு சில்-னு (sill) பேரு, பின் டயருக்கு முன்னாடி இருக்கிற அதோட கடைசிப் பகுதி, குழாய் அடைச்சு தண்ணி தேங்குனா உள்ளேர்ந்தே துருப்பிடிச்சு வரும், எம்ஓடி டெஸ்ட்ல, அதான் இங்கிலாந்துல வருஷா வருஷம் வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாக்குற பரிசோதனையில, இந்த வண்டிங்க அதிகம் மாட்டுறதுல அந்த இடமும் ஒண்ணு. கையால அழுத்திப் பாருங்க, பெயிண்ட் கொப்புளம் இருந்தா வெல்டிங் ஆளைப் பாக்கணும்.

ஒழுகல் நின்னப்புறம் சீட்டைக் கழட்டுங்க, ஒரு சீட்டுக்கு நாலே போல்ட். கார்பெட் மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும், அடியில இருக்கிற மெத்தை வாரக்கணக்கா தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், உங்க கண்ணாடி வேர்க்கிறதுக்கு அதான் காரணம். தூக்கி வெச்சு, காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டீஹியூமிடிஃபையர் மெஷின் போட்டு காய வைங்க.

கேள்வி: ரப்பருக்கு வாஸ்லின் தடவலாமா? ஒழுகுற இடத்துல சிலிக்கான் பூசுனா போதும்னு ஒருத்தர் சொல்றாரே?

பதில்: ரெண்டும் வேணாம். வாஸ்லின் பெட்ரோலியச் சரக்கு, சில ரப்பர் அதுல ஊறி உப்பிக்கும். சிலிக்கான் கிரீஸ் வாங்கி விரல் நுனியில லேசா தடவுங்க. பாத்ரூமுக்குப் போடுற சிலிக்கான்ல வினிகர் வாடை வருமே, அந்த வகை காயும்போது அமிலம் விடும், இரும்பைத் தின்னும். அதோட அதைப் பூசுனா தண்ணி நிக்காது, வேற வழி தேடும், அடுத்து வர்ற மெக்கானிக் உங்களைத் திட்டிக்கிட்டே சுரண்டுவார்.

கேள்வி: எங்கிட்ட கன்வர்ட்டிபிள் எல்லாம் இல்ல சார், சென்னையில சன்ரூஃப் வெச்ச எஸ்யூவிதான். மழை நேரத்துல உள் லைட் பக்கத்துல இருந்து சொட்டுது, பக்கத்து சீட்டு கால் வைக்கிற இடமும் ஈரமா இருக்கு. சன்ரூஃப் ரப்பர் போச்சா?

பதில்: ரப்பர் தண்ணியை முழுசா தடுக்கணும்னு அவசியமே இல்ல, உள்ள வர்றதைப் பிடிக்க சுத்தி ஒரு தட்டும் மூலைகள்ல குழாயும் இருக்கு. சன்ரூஃபைத் திறந்து முன் மூலை ரெண்டுலயும் அதே கப் வைத்தியம்தான், மெதுவா. கால் வைக்கிற இடம் மட்டும் மழையே இல்லாத நாள்லயும் நனைஞ்சா அது ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைப்பு, சன்ரூஃபைக் கையே வைக்காதீங்க. தொட்டுப் பாத்து பிசுபிசுன்னு, இனிப்பா வாடை வந்தா அது கூலன்ட், அன்னைக்கே ஒர்க் ஷாப்.