பிள்ளைகளோடு காட்டு நடைக்குப் போகும்போது விலங்கு விரட்ட எதைக் கொண்டுபோக வேண்டும்?

கொழும்பிலிருந்து சிங்கராஜா, கன்னெலிய மழைக்காடுகள் பக்கம் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர் பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காற்று திரும்பினால் அது உங்கள் பிள்ளையின் கண்ணில்தான் படும். ஈரவலயக் காட்டில் ஆபத்து பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. காசை அங்கே செலவழியுங்கள்.

முதலில், இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் தடுக்கும் அட்டைக் காலுறை, ஆளுக்கு ஒரு சோடி. சாதாரண காலுறையின் பின்னல் இடைவெளிக்குள் அட்டை மெலிந்து நுழைந்துவிடும். இது நெருக்கமாக நெய்த துணி. நீளக் காற்சட்டைக்கு மேலே போட்டு முழங்காலுக்குக் கீழ் கட்ட வேண்டும். அரைக் காற்சட்டையோடு போட்டால் அட்டை மேல்விளிம்பைத் தாண்டித் தொடைக்கு ஏறிவிடும். சப்பாத்தில் ஊரும் அட்டையைத் தட்ட, சின்னத் துணியில் உப்பு முடிந்துகொள்ளுங்கள். மழையில் உப்பு கரைந்துவிடும், அதனால் காலுறையில் காய்ந்த சவர்க்காரமும் தேய்த்துவிடுங்கள். கடித்து ஒட்டிய அட்டைக்கு உப்போ நெருப்போ வைக்காதீர்கள். வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம். அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விடும், பிறகு தடித்த முனை. இரத்தம் நெடுநேரம் கசியும், பயப்படாமல் துணி வைத்து அழுத்துங்கள்.

பாம்பில் கவனிக்க வேண்டியது, சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லும் சிறு விரியன். சருகுக்குள் சருகு நிறத்திலேயே கிடக்கும். இலங்கையில் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே மூடிய சப்பாத்து கட்டாயம், மரக்கட்டையில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. கடித்தால் கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, பத்து சென்ரிமீற்றர் அகல கிரேப் பண்டேஜால் கடிபட்ட கையையோ காலையோ ஒரு தடியோடு சேர்த்துக் கட்டுங்கள். இறுக்க அல்ல, அசையாமலிருக்க மட்டும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் தீங்கு. அஸ்பிரின் கொடுக்காதீர்கள். பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990.

குளவிக்கு வாசனைத் திரவியம் பூசாமல் போவதே முதல் காவல். கலைந்து வந்தால் கையை வீசாமல், துவாயால் தலை மூடி, வந்த வழியே விரைவாகத் திரும்புங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் அதே 1990.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். உதவி வேண்டுமென்றால் மூன்று ஊதல், சற்று நிறுத்தி மறுபடி மூன்று என்று வீட்டிலேயே பழக்குங்கள். பண்டேஜும் விசிலும் பெரியவரின் பைக்குள் கிடந்தால், பிள்ளை பின்தங்கும்போது கைக்கு வராது.

யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடி மட்டும் வாங்காதீர்கள். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.