பழைய கார் கண்காட்சியில் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

கேள்வி: பழைய கார் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். போன முறை எல்லா வண்டிகளும் பளபளவென்று ஒரே மாதிரிதான் தெரிந்தன. நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து ரசிப்பது? வண்டி வைத்திருப்பவர்களிடம் என்ன கேட்கலாம்?

பதில்: ஓட்டத் தெரியும் என்கிறீர்களே, அது போதும். பளபளப்பை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று, ‘யாருடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க இதை இப்படிச் செய்தார்கள்?’ என்று யோசித்துப் பாருங்கள். விசித்திரமாகத் தெரிகிற அம்சம் எதையும் பெரும்பாலும் வேடிக்கைக்காகச் செய்திருக்க மாட்டார்கள். (1959 கேடிலாக் காரின் பின்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்புகள் மட்டும் விதிவிலக்கு. அது சுத்தப் பகட்டு. எனக்கு அதனாலேயே பிடிக்கும்.)

பிஎம்டபிள்யூ இசெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவத்தில் ஒரு குட்டி வண்டி, அதன் மூக்குதான் கதவு. இதை முதலில் செய்த இத்தாலிய நிறுவனமான இசோ, ஃபிரிட்ஜும் ஸ்கூட்டரும் செய்துகொண்டிருந்தது. உரிமம் வாங்கிய பிஎம்டபிள்யூ, 1955-லிருந்து தன் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தி 1,60,000-க்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் பைக்கில் நனைந்து அலுத்தவர்கள் ஏராளம், ஆனால் முழுக் கார் வாங்கப் பணமில்லை. 1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது இந்த மாதிரிக் குட்டி வண்டிகளுக்குக் கிராக்கி இன்னும் கூடியது. கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூடவே ஸ்டீயரிங்கும் விலகி வழிவிடும். பிறகு குனிந்து பின்சக்கரங்களைப் பாருங்கள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அப்படி வைத்தால் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கர அமைப்பு) வேண்டாம், அந்தச் செலவு மிச்சம். கூரையில் மடக்கும் துணி இருப்பது வெறும் காற்றுக்காக அல்ல. முன்னால் மோதிக் கதவு சிக்கிக்கொண்டால் வெளியே வர அதுதான் வழி.

ஃபோர்டு மாடல் டி நிற்கும் இடத்தில் உங்கள் ஓட்டுநர் அனுபவம் உதவும். கீழே மூன்று பெடல்கள் தெரியும், நம் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மாதிரியே. ஆனால் இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், விட்டால் ஹை கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். ஆக்ஸிலரேட்டரோ ஸ்டீயரிங்குக்கு அடியில் கையால் தள்ளும் ஒரு சின்ன நெம்புகோல். இன்று ஓட்டுகிற ஒருவரைத் திடீரென்று அதில் உட்காரவைத்தால், பிரேக் என்று நினைத்து ரிவர்ஸை மிதிப்பார். 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி வண்டிகள் இப்படித்தான் ஓடின. நமக்கு இயல்பாகப் படுகிற பெடல் வரிசையை அன்றைக்கு இன்னும் யாரும் பொதுவிதி ஆக்கியிருக்கவில்லை.

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் சித்ரோவென் டிஎஸ் என்ற பிரெஞ்சுக் காரை விடாதீர்கள். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அன்றே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள் என்பார்கள். உருவத்தைச் செதுக்கிய ஃபிளாமினியோ பெர்தோனி அடிப்படையில் சிற்பி. ஆனால் விஷயம் உள்ளேதான் இருக்கிறது. மோசமான சாலையிலும் குலுங்காமல் போக, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளையும் அழுத்தமேறிய திரவத்தையும் வைத்தார் போல் மாஜெஸ் என்ற பொறியாளர். அதே திரவ அழுத்தம் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும்கூட இயக்கும். வண்டியை நிறுத்திவைத்தால் மெல்லத் தரையோடு படிந்துவிடும். இன்ஜினைப் போட்டால், படுத்த மாடு எழுவதைப் போல முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் உயரும். உள்ளே எட்டிப் பாருங்கள்: பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ், ஸ்டீயரிங்கில் ஒற்றைக் கம்பி. பின்சக்கரத்தை மூடியிருக்கும் தகடு ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. டயர் மாற்ற ஜாக்கி அடிக்க வேண்டாம்: வண்டியை உச்சத்துக்கு ஏற்றி, கீழே தாங்கியைக் கொடுத்து, மறுபடி இறக்கினால் சக்கரம் தானே தரையை விட்டு எழும்பும். வைத்திருப்பவரிடம் கேட்டால் அநேகமாகச் செய்தே காட்டுவார்.

தோற்றுப்போன வண்டிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். என்எஸ்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ரோ 80, 1967-ல் வந்தது. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே இல்லாமல், ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு உள்ளே சுழலும் சுழல் இன்ஜின், பத்து வருடம் முந்திப் பிறந்த மாதிரி ஓர் உருவம். 1968-ன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதும் அதற்கே கிடைத்தது. ஆனால் அந்த ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன, வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நொடித்தது. 1969-ல் வோக்ஸ்வேகன் கைக்குப் போனது. பின்னாளில் பலர் சலித்துப்போய் ஃபோர்டின் வி4 என்ற வழக்கமான பிஸ்டன் இன்ஜினைப் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே ஒரு ரோ 80-ஐப் பார்த்தால் ‘இது சுழல் இன்ஜினேதானா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கும்.

அடுத்தது, பளபளப்பு. முழுக்கப் புதுப்பித்த வண்டிகள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட அழகாக நிற்கும். அன்றைய பெயின்ட் அவ்வளவு வழவழப்பாக இருந்ததில்லை, கதவு இடுக்குகளும் அவ்வளவு ஒரே சீராக இருந்ததில்லை. என் கண் முதலில் போவது பெடல் ரப்பருக்கும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்துக்கும்தான். அங்கே தேய்மானம் இருந்து, பெயின்ட்டும் கொஞ்சம் மங்கியிருந்தால், புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றிய வண்டியாக இருக்கலாம். பெரிய கண்காட்சிகளில் அவற்றுக்குத் தனிப் பிரிவே உண்டு. வெடித்த தோல் சீட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதைத் திரும்பச் செய்ய முடியாது, பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

கேள்விகளுக்கு வருகிறேன். ‘என்ன விலை?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வியை அன்றைக்கே நூறு பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள், பேச்சும் அதோடு முடிந்துவிடும். கிடைக்கவே கிடைக்காமல் படுத்திய பாகம் எது, முன்பு யார் வைத்திருந்தார்கள், எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, இதை ஓட்டும்போது எது தொல்லை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். பெல்ட் பக்கிளும் தோளில் தொங்கும் பையும் பெயின்ட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் முதுகுப் பையையும்.

போகும் நேரத்தையும் யோசித்து வையுங்கள். வண்டிகள் வந்து சேரும் காலையிலோ, கிளம்பும் மாலையிலோ அங்கே இருந்தால்தான் இன்ஜின் சத்தம் கேட்கும், புகை வாசனை தெரியும், ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சுற்றி நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதும் தெரியும். நடுப்பகலில் போனால் எல்லாம் வெறும் தகடாகத்தான் நிற்கும்.