சூரை ஆணையமும் தூத்தூர் கரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்து இரவிபுத்தன்துறை. அப்பா ஆழ்கடல் போட்டில் தூண்டில் தொழிலுக்குப் போகிறார். நீளவால் சுறாவைப் படகில் ஏற்றவே கூடாது என்று, சூரை (டூனா) மீன்பிடிப்புக்கு விதிகள் போடும் நாடுகளின் அமைப்பான இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010இலேயே முடிவெடுத்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான். சர்வதேச அமைப்புகள் மக்கள் அமைப்புகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவருகிறீர்கள். திறந்தால் உள்ளே போகப்போவது ஆங்கிலம் பேசும் பெரிய என்ஜிஓக்களும் கம்பெனிகளும்தானே? அதற்கு அரசாங்கமே பேசிவிட்டுப் போகட்டும் என்கிறார் எங்கள் ஊர்க் கமிட்டிப் பெரியவர் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், இரவிபுத்தன்துறை

அன்புள்ள தம்பி,

பெரியவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவு மூடியிருந்தால் கம்பெனிகளும் வெளியே நிற்கும் என்று அவர் நம்புகிறார். அப்படி நடப்பதில்லை. பெரிய கப்பல் முதலாளிகளின் சங்கங்கள் தங்கள் நாட்டு அரசுக் குழுவிலேயே ஆலோசகர்களாகப் போய் உட்கார்ந்துவிடுகின்றன. மூடிய கதவு தடுப்பது உங்கள் அப்பாவைத்தான்.

சூரை ஆணையத்தையே எடுத்துக்கொள்வோம். தலைமையகம் சீஷெல்ஸ் நாட்டின் விக்டோரியாவில். ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் வருகிறது. இந்தியா உறுப்பு நாடு. கூட்ட ஆவணங்களை இணையத்தில் போடுகிறார்கள், தொண்டு அமைப்புகள் பார்வையாளராக வரலாம். காகிதத்தில் பார்த்தால் திறந்த அமைப்புதான். ஆனால் எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அந்த 2010 முடிவையே பாருங்கள். நீளவால் சுறாவை யாரும் தேடிப் போய்த்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை, வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலிலும் மாட்டும். உயிரோடு வந்தால் அவிழ்த்து விடலாம். செத்து வந்ததைக் கடலில் எறிந்தால் சுறாவுக்கு என்ன லாபம்? சுறாவைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் கேட்டுத்தான் எழுத வேண்டும். முன்மொழிவாக இருக்கும்போதே அது தமிழிலும் மலையாளத்திலும் கரைக்கு வர வேண்டும். முடிவான பிறகு இணையத்தில் போடுவதை வெளிப்படைத்தன்மை என்று என்னால் ஏற்க முடியாது.

கதவைத் திறந்த மாதிரி திறந்து, வாசலிலேயே நிறுத்தி வைக்கிற வழியும் உண்டு. ஐநா சாசனத்தின் 71ஆம் பிரிவு, தொண்டு அமைப்புகளுக்கு ஆலோசனைத் தகுதி, அதாவது ஐநா கூட்டங்களில் கலந்துகொள்ளும் தகுதி, தர இடம் தருகிறது. விண்ணப்பங்களைப் பார்ப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு கமிட்டி. ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டாலே போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்விடும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு அமைப்பின் விண்ணப்பம் 2008 முதலே அங்கே காத்துக் கிடந்தது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். இடையில் வந்த கேள்விகள் நூற்றுக்கும் மேல். கேட்டது நம் இந்தியா. அரசாங்கமே பேசட்டும் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள். சாதியைப் பற்றிப் பேச வந்தவர்களை நம் அரசே பதினான்கு ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 1919இல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு பிரதிநிதிகள். அரசுக்கு இரண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. தொழிலாளர் பிரதிநிதிக்குத் தனி ஓட்டு. அரசு ஒரு பக்கமும் அவர் மறுபக்கமும் ஓட்டுப் போடலாம். நூறு ஆண்டு தாண்டியும் அந்த அமைப்பு இடிந்து விழவில்லை.

மீனவர் உள்ளே போனதே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 1989இல் தேசிய மீனவர் அமைப்பு நடத்திய கடற்கரை நடைபயணம் இரு கரைகளிலும் வந்து மே 1 அன்று கன்னியாகுமரியில்தான் முடிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூடும் அங்கேதான் நடந்தது. உங்கள் பெரியவருக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். அதே அமைப்பின் முன்முயற்சியில் 1997இல் உலக மீனவர் மன்றம் டெல்லியில் உருவானது. அதன் வழிவந்த அமைப்புகள் ரோமில், உணவு வேளாண்மை அமைப்பின் தலைமையகத்தில், உட்கார்ந்து பேசியதால்தான் சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள் 2014இல் ஏற்கப்பட்டன. யாரும் கூப்பிட்டு இடம் கொடுக்கவில்லை, போராடி வாங்கிய இடம்.

அப்புறம் டெல்லி. எனக்கு விக்டோரியாவைவிடப் பெரிய கவலை அதுதான். சட்ட வரைவு என்றால் 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. சர்வதேசக் கூட்டத்தில் இந்தியா எடுக்கப்போகும் நிலைப்பாட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 8(1)(அ) பிரிவைக் காட்டி, வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று மறுக்க வழி இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிற 8(2)ஐயும் சேர்த்தே எழுதிக் கேளுங்கள்.

நாகர்கோவிலில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு உங்கள் ஊரார் போவார்கள்தானே? டீசல், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு மனுக்களோடு இதையும் கொடுக்கச் சொல்லுங்கள்: சூரை ஆணையத்தின் அடுத்த கூட்டத்துக்கு வந்திருக்கும் முன்மொழிவுகள் என்ன, இந்தியா அவற்றில் எந்தப் பக்கம், போகும் குழுவில் ஆழ்கடல் மீனவர் ஒருவர் உண்டா. கலெக்டரால் பதில் சொல்ல முடியாது. ஆனால் மீன்வளத் துறை வழியாக டெல்லிக்கு அனுப்ப முடியும். வேண்டுமென்றால் மனுவின் வாசகத்தைச் சேர்ந்து எழுதுவோம், பெரியவரும் இருக்கட்டும்.