முதலில் பே சீட்டைப் படியுங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 27. ஏ.எல். வர்த்தகப் பிரிவு படித்துவிட்டு ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார், சம்பளம் 60,000 ரூபாய். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அம்மாவின் நகை இரண்டு லட்சத்துக்கு வங்கியில் அடகில் இருக்கிறது. போன வருடக் கடைசியில் ஒரு லட்சம் லோன் எடுத்து மாதம் 10,333 கட்டி வருகிறார். '24 வீத வட்டி, பிளாட்' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். செல்வம் சேர்ப்பது பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் நிறையப் படித்தாகிவிட்டது. இப்போது மூன்று கேள்விகள்: அடுத்து என்ன படிப்பது? கூடுதல் வருமானத்துக்கு எதில் இறங்குவது? மாதம் மிஞ்சும் 5,000 ரூபாயை எங்கே போடுவது?

அந்தப் புத்தகங்கள் கெட்டவை இல்லை. ஆனால் அவற்றில் பாதி அமெரிக்காவில் வீடு வாங்குபவருக்கு எழுதப்பட்டவை. கடனில் ஒரு வீடு வாங்கு, வாடகைக்கு விடு, வாடகையில் கடனைக் கட்டு என்பார்கள். நம் லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது. அரசு தருவதாகச் சொன்ன 7 பேர்ச் காணிக்கே நம் ஆட்கள் எத்தனை வருடம் நடக்கிறார்கள்? உறுதி இல்லாத வீட்டை ஈடு வைத்து எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே அந்த அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு, வீட்டு அலுமாரியில் இருக்கும் காகிதங்களை எடுங்கள். முதல் வாசிப்பு அதுதான்.

பே சீட்டில், அதாவது சம்பளச் சீட்டில், ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுக் காலத்துக்குச் சேரும் ஈ.பி.எப்.) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். உங்களிடம் பிடிப்பது 8 வீதம், முதலாளி போட வேண்டியது குறைந்தது 12 வீதம். 60,000-க்கு அது 4,800-ம் 7,200-ம். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம், அதாவது 1,800 கட்ட வேண்டும். ஆக மாதம் 9,000 ரூபாய் உங்கள் பெயரில் முதலாளி போட வேண்டிய காசு. டவுன் கடைகள் பலவற்றில் இது கட்டப்படுவதே இல்லை. 'கையில் முழுச் சம்பளமும் தருகிறேன்' என்று முதலாளி சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நஷ்டம் உங்களுக்கு. கட்டவில்லை என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். எந்தச் சைட் பிசினஸும் முதல் வருடத்தில் மாதம் 9,000 தருவது கஷ்டம்.

அடுத்தது லோன் பத்திரம். '24 வீதம்' என்பது உண்மையில் 24 இல்லை. ஒரு லட்சத்துக்கு 24,000 வட்டியைச் சேர்த்து 1,24,000 ஆக்கி, பன்னிரண்டால் வகுத்து 10,333 என்று தவணை போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு லட்சமும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. ஒவ்வொரு தவணையிலும் வாங்கிய கடனில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. ஆறாம் மாதத்தில் பாதி அளவுதான் மிச்சம், வட்டியோ முழு லட்சத்துக்கும் வாங்கப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 41 வீதத்தைத் தாண்டும். இனி லோன் எடுக்கும்போது 'பிளாட்டா, குறையும் மீதிக்கா?' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தோட்டத்துக்குள் நூற்றுக்கு ஐந்து என்று கொடுப்பவர்களின் கணக்கு இன்னும் மோசம். அது மாதத்துக்கு ஐந்து, வருடத்துக்கு 60.

அடகுச் சீட்டு மூன்றாவது. வீதத்தை நீங்கள் எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு 16 என்று வைத்தால் இரண்டு லட்சத்துக்கு வருடம் 32,000. நீங்கள் போட நினைக்கும் 5,000-ஐ மாதாமாதம் 8 வீத வட்டிக்குச் சேமித்தால் வருடக் கடைசியில் கிடைக்கும் வட்டி சுமார் 2,600. ஒரு கையால் 2,600 வாங்கி மறு கையால் 32,000 கொடுக்கிறீர்கள். எனவே மூன்றாவது கேள்விக்கு இப்போதைக்கு என் பதில்: அந்த 5,000 அடகுக்குப் போகட்டும். பல வங்கிகளில் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்கள், கவுண்டரில் கேளுங்கள். லோன் முடிந்த மாதத்திலிருந்து 10,333-ம் விடுபடும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு வருடம் சொச்சத்தில் நகை வீட்டுக்கு வரும். ஒரு எச்சரிக்கை. தங்கம் விலை ஏறியிருப்பதால் 'அதே நகைக்குக் கூடுதலாகத் தருகிறோம், கூட்டி எடுங்கள்' என்று சொல்வார்கள். அது உங்களுக்குக் கிடைத்த வருமானம் இல்லை. அதே நகையின் மேல் ஏறும் புதுக் கடன்.

கூடுதல் வருமானத்துக்கு வருவோம். நீங்கள் மூன்றை எழுதியிருக்கிறீர்கள்: மாடு, மரக்கறி, லீசிங்கில் த்ரீவீல். பால் சேகரிக்கும் நிலையம் பக்கத்தில் இருந்தால் மாடு நல்ல தொழில்தான், பாலின் கொழுப்பைப் பார்த்து விலை போடுகிறார்கள். ஆனால் நீங்கள் காலையில் ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டால் புல் அறுப்பது யார்? மலையில் ஏறி இறங்கிவிட்டு வரும் அம்மாதான். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் 'லாபம்' என்று சொல்லும் திட்டங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. மரக்கறியில் லீக்ஸும் கரட்டும் ஒரு கிழமை கை கொடுக்கும், மறு கிழமை லொறிக் கூலிக்கே போதாது. 2021-ல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பட்டது மலையகத்துக்கு மறந்திருக்காது. த்ரீவீல் வேண்டாம். கடையில் நாள் முழுக்க நிற்பவர் இரவு மட்டும் ஓட்டி லீசிங் கட்ட முடியாது.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஏ.எல். வர்த்தகம் படித்தவர், நாள் முழுதும் கணக்கோடு இருப்பவர். தோட்டத்தில் ஓ.எல். கணிதத்துக்கும் வர்த்தகத்துக்கும் டியூஷன் எடுக்க ஆள் இருக்கிறதா? ஞாயிறும் போயாவும் பத்துப் பிள்ளைகள் வந்து மாதம் ஆயிரம் கொடுத்தால் 10,000. முதல் போடத் தேவையில்லை. இன்னொரு வழியும் உண்டு: டவுனில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் பலருக்கு ஸ்டாக் எழுதவும் கடன் கொப்பியை ஒழுங்காக்கவும் ஆள் இல்லை. மாலையில் இரண்டு கடைக்கு அதைச் செய்து கொடுங்கள்.

உங்கள் நண்பர் கூப்பிட்ட 'மூன்று பேரைச் சேர்த்தால் காசு' விஷயத்துக்கு ஒரே வரி: போகாதீர்கள். ஆள் சேர்ப்பதிலிருந்து காசு வந்தால் அது பிரமிட் திட்டம். வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி அதை நடத்துவதும் பரப்புவதும் குற்றம். தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது.

நகை மீண்ட பிறகு சேமிப்புக்குப் போகலாம். மூன்று மாதச் செலவு சேரும் வரை சாதாரண வங்கிக் கணக்கே போதும். வைப்புக் காப்புறுதி (வங்கி முறிந்தால் உங்கள் வைப்புக்குக் கிடைக்கும் நட்டஈடு) ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். அரை வீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று பைனான்ஸ் கம்பனிக்கு ஓடினால், அது மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள் (2025 ஏப்ரலிலிருந்து). வருட வருமானம் 18 லட்சத்துக்குக் கீழ் இருப்பவர் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நம் ஊரில் பென்ஷன்காரர்கள் பலருக்கே இது தெரியாது.

வட்டியை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 2022-ல் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். காசு கூடியது, வாங்கக் கூடிய அரிசி குறைந்தது.

பங்குச் சந்தை ஆசையும் கடிதத்தில் தெரிகிறது. ஒரே ஒரு பங்கு கூட வாங்கலாம், போனிலேயே கணக்குத் திறக்கலாம், கண்டியில் பங்குப் பரிவர்த்தனையின் கிளையும் இருக்கிறது. முதலில் வாசியுங்கள். நம் தோட்டங்களை நடத்தும் கம்பனிகள் சில அங்கே பட்டியலில் உள்ளவை. அவற்றின் ஆண்டறிக்கை இலவசம். அம்மாவின் நாள் சம்பளம், கொழும்பு ஏலத்தில் தேயிலைக் கிலோ போன விலை, முதலாளிகளுக்குப் போன பங்கிலாபம் எல்லாம் அதில் கணக்காக வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அகராதியோடு உட்காருங்கள். ஒரே கம்பனியின் மூன்று வருட அறிக்கையைப் படித்து முடித்த பிறகும் வாங்கத் தோன்றினால், முதல் தடவை ஒரு மாத டியூஷன் காசுக்கு மேல் போக வேண்டாம்.