பேர்ன் பார்க்க வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு பேர்னில் வந்து குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சுவிஸ் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சூரிச்சையும் இன்டர்லாக்கனையும் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை பேர்னைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எட்டு நாள் பயணம். சூரிச்சில் இரண்டு இரவு, லூசர்னில் இரண்டு, இன்டர்லாக்கனில் மூன்று. போகிற வழியில் பேர்னுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?

போதாது தம்பி. மூன்று மணி நேரத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், ஆற்றோரப் பூங்காவில் இருக்கும் கரடிக்கு முன்னால் ஒரு படம், அவ்வளவுதான். திரும்பிப் போய் "பேர்ன் பார்த்துவிட்டோம்" என்பீர்கள். எனக்கு அது மனவருத்தம்.

சூரிச்சில் ஒரு இரவையும் இன்டர்லாக்கனில் ஒரு இரவையும் குறைத்து இங்கே இரண்டு இரவு தங்குங்கள். நாட்டின் நடுவே இருக்கிற ஊர் இது. சூரிச், பாசல், லூசர்ன் எல்லாமே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்டர்லாக்கன் அதற்கும் குறைவு, தூன் இருபது நிமிடம். பெட்டியை இங்கே வைத்துவிட்டு மற்ற ஊர்களுக்கு வெறுங்கையோடு போய் வரலாம்.

அதே தம்பி: சரி அக்கா, இரண்டு நாள் என்றால் எங்கே தொடங்குவது?

ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக நடக்கத் தொடங்குங்கள். வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும்: ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் நாக்கை நீட்டினாற்போல் ஒரு மேட்டு நிலம். அதுதான் பழைய நகரம். 1191-இல் ஸேரிங்கன் வம்சத்துக் கோமகன் ஐந்தாம் பெர்ச்டோல்ட் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஆறே அகழியாக இருந்ததால். மேற்குப் பக்கம் மட்டும் மதில் கட்டினால் போதும். ஊர் வளர வளர அந்த மதிலையும் மேற்கே தள்ளித் தள்ளிக் கட்டினார்கள்.

முதலில் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1405-இல் ஒரு பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. அதன் பிறகு கல்லில் கட்டினார்கள். பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல். வெயிலில் ஒரு நிறம், மழையில் நனைந்தால் இன்னொரு நிறம். எனக்கு மழை நாள் நிறம்தான் பிடிக்கும். 1983-இல் யுனெஸ்கோ பழைய நகரம் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மழை என்றால் குடை தேவையில்லை. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளின் கீழே வளைவு வளைவாகக் கூரையிட்ட நடைபாதை. "லௌபன்" என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். நம்மூர்த் தெருத் திண்ணைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது தெருப் பக்கமாகத் தரையோடு சாய்ந்த மரக்கதவுகளைக் கவனியுங்கள். அவை நிலவறைக் கதவுகள். பல நிலவறைகளில் இன்று துணிக்கடை, சிறு நாடக அரங்கு, மதுக்கடை எல்லாம் நடக்கின்றன. படி செங்குத்தாக இருக்கும், தலையைக் குனிந்து இறங்குங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: மணிக்கூட்டுக் கோபுரத்தில் பொம்மைகள் ஆடுமாமே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

மணி அடித்த பிறகு போய்ப் பயனில்லை. ஒவ்வொரு மணிக்கும் நாலைந்து நிமிடம் முன்னதாகவே கிழக்குப் பக்கம் போய் நின்றுவிடுங்கள். முதன்முறை நான் மேற்குப் பக்கம் நின்று, கூட்டமே இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்!

கோமாளி தன் தலைக்கு மேலே தொங்கும் இரண்டு சின்ன மணிகளை முந்திக்கொண்டு அடிப்பான். சேவல் கூவும். கரடிகள் வரிசையாகச் சுற்றி வரும். நடுவில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் காலதேவன், மணற்கடிகாரத்தைத் திருப்புவார். அப்புறம்தான் உச்சியில் நிற்கும் பொன்னிற மனிதன் பெரிய மணியை அடிப்பான். சேவலின் குரல் கொஞ்சம் கரகரப்பு. அதைத் துருத்தியால் காற்றடித்து எழுப்புகிறார்கள், ஒலிபெருக்கி கிடையாது. 1530-இல் காஸ்பர் ப்ருன்னர் என்ற கொல்லர் செய்த இயந்திரம் இன்றும் உள்ளே ஓடுகிறது. கோபுரத்துக்குள் அழைத்துப்போகும் சுற்றுலாவுக்கு இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவதை ஒரு முழம் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை: எனக்கும் கணவருக்கும் முழங்கால் வலி. எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?

கவலைப்படாதீர்கள் அம்மா. நிலையத்திலிருந்து ஆற்றுப் பக்கம் வரை மெல்லிய இறக்கம்தான். இறக்கத்தில் ஆறுதலாக நடந்து வாருங்கள், திரும்பி ஏற வேண்டாம். கரடிப் பூங்கா முன்னால் 12-ஆம் இலக்கப் பேருந்து நிற்கும், அது மேலே கொண்டுவந்து விட்டுவிடும். அதே பேருந்து மறுபக்கம் பவுல் கிளே ஓவிய மையம் வரை போகும். ரோஜாத் தோட்டத்துக்கு 10-ஆம் இலக்கம். மாலை வெயிலில் அங்கிருந்து பார்த்தால் முழுப் பழைய நகரமும் கூரை கூரையாகக் காலடியில் தெரியும். அவ்வளவு வடிவு. பேராலயத்தின் பக்கத்தில் மரநிழல் முற்றம் ஒன்று உண்டு, அங்கிருந்து ஆற்றோரத்து மாத்தே பகுதிக்கு இறங்க 1897-இலிருந்து ஒரு மின்தூக்கி ஓடுகிறது.

பேராலயக் கோபுரம் மட்டும் வேண்டாம். உயரம் 100 மீட்டர், சுவிஸிலேயே உயர்ந்த தேவாலயக் கோபுரம் அதுதான், ஆனால் ஏறுவதற்கு முந்நூறுக்கு மேல் சுழற்படி. கீழேயே நின்று வாசலின் இறுதித் தீர்ப்புச் சிற்பங்களைப் பாருங்கள். இருநூறுக்கு மேற்பட்ட உருவங்கள். நம் கோபுரச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அங்கே நேரம் போவது தெரியாது. நரகப் பக்கம் இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். தெரு முழுக்கக் கருங்கல் பதித்திருக்கும். என் அம்மா வந்திருந்தபோது மழை ஈரத்தில் வழுக்கி, நல்லவேளை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் இல்லை. என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க வேண்டாம். நிலையத்துக்குப் பக்கத்தில் திபிட்ஸ் என்ற சைவ உணவகம் இருக்கிறது. வேண்டியதைத் தட்டில் எடுத்து, நிறுத்துப் பார்த்துக் காசு கட்டுவது. எதில் முட்டை, எதில் பால் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

மற்ற உணவகங்களில் கவனம். உருளைக்கிழங்கைத் துருவி வார்க்கும் ரோஸ்டி சைவம்தானே என்று நினைப்போம், ஆனால் பேர்ன் ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். "ஓனே ஸ்பெக்" என்று சொல்லுங்கள், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று பொருள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: க்ருயேர், எம்மென்டால் போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். சுத்த சைவம் பார்ப்பவர்கள் அதையும் கருத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரணச் சாப்பாடே இருபது, இருபத்தைந்து பிராங்குக்குக் குறையாது. மதியத்தில் மிக்ரோஸ், கோப் கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாங்களும் அப்படித்தான். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவுக்குத் தெரு சிலை வைத்த பழைய நீரூற்று இருக்கிறது, "குடிக்கக் கூடாது" என்று எழுதியிராத எதிலும் போத்தலை நிரப்பலாம். சின்ன வயதில் குடித்த ஓவல்டின் இந்த ஊர்க் கண்டுபிடிப்பு, 1904. இங்கே பெயர் ஓவோமால்டினே. முக்கோண டோப்லரோனும் இங்கே 1908-இல் பிறந்ததுதான்.

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி: ஆரே ஆற்றில் நீந்தலாமாம். வெளியூர்க்காரர்களும் இறங்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! பேர்ன்காரர்களுக்குக் கோடை என்றால் ஆறுதான். அலுவலகம் முடிந்து உடுப்பை நீர்புகாப் பையில் சுருட்டி, அதையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு மிதந்து போவார்கள். பாராளுமன்றத்துக்கு நேர் கீழே மார்ஸிலி நீச்சல் திடல். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆற்றோரமாக ஐக்ஹோல்ட்ஸ் பக்கம் மேலே நடந்து, இறங்கி, மிதந்தே திடலுக்குத் திரும்புவது வழக்கம்.

தலையை ஒரு கணம் தண்ணீருக்குள் விடுங்கள். கிணுகிணுவென்று ஒரு சத்தம் கேட்கும். அடியில் கூழாங்கற்கள் உருண்டு ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. முதன்முதல் கேட்டபோது காதில் ஏதோ கோளாறு என்று பயந்துபோனேன். இப்போது ஒவ்வொரு கோடையும் அதைக் கேட்கத்தான் இறங்குகிறேன்.

ஆனால் தம்பி, விளையாட்டில்லை. மலைப்பனி உருகி வரும் தண்ணீர், நடுக்கோடையிலும் 20 பாகை செல்சியஸ் ஒட்டித்தான் இருக்கும். ஓட்டமும் வேகம். நன்றாக நீந்தத் தெரிந்தால் மட்டும் இறங்குங்கள், தனியாக வேண்டாம், குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். கரையில் சிவப்புக் கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். வெளியேறும் இடத்துக்கு முன்கூட்டியே கரையை ஒட்டி வந்து கம்பியைப் பிடிக்க வேண்டும். மார்ஸிலி தாண்டினால் அணை. கடைசிக் கம்பியைத் தவறவிட்டால் உயிராபத்து. முதல் நாள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த நாள் இறங்கலாம். அதற்கும் இரண்டு இரவு வேண்டும்தானே?

சிங்கப்பூரிலிருந்து ஒரு சகோதரர்: பயண அட்டை எது வாங்குவது? விசா?

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

பேர்னில் விடுதியில் தங்கினால் பேர்ன் டிக்கெட் இலவசமாகத் தருவார்கள். நகரத்துக்குள் ட்ராம், பேருந்து எல்லாம் அதில் அடக்கம். குர்டன் மலைக்கு ஏறும் இழுவை ரயிலும் சேர்த்தி. கேட்டு வாங்குங்கள். தினமும் வெவ்வேறு ஊருக்கு ஓடுவதாக இருந்தால் மட்டும், நாடு முழுக்க ரயிலில் போய்வரும் பயண அட்டையான சுவிஸ் டிராவல் பாஸ் கட்டுப்படியாகும். பிள்ளைகளோடு வந்தால் அதோடு குடும்பப் பயண அட்டையும் கேளுங்கள், 6 முதல் 15 வயது வரை பெற்றோருடன் இலவசம். ட்ராமில் தடுப்புக் கதவு கிடையாது, அதற்காகச் சும்மா ஏறிவிடாதீர்கள். பரிசோதகர் வந்தால் அபராதம் கிட்டத்தட்ட 100 பிராங்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: சுவிஸின் தலைநகரம் பேர்னா, சூரிச்சா?

சட்டப்படி "தலைநகரம்" என்று ஒன்று இல்லை. 1848-இல் பேர்னைக் கூட்டாட்சி நகரமாகத் தெரிவு செய்தார்கள். பாராளுமன்றம் இங்கேதான். முன்சதுக்கத்தில் 26 மாநிலத்துக்கும் ஒன்றாக 26 நீர்த்தாரைகள். கோடையில் பிள்ளைகளை அங்கே விட்டால் நனைந்து குளித்துவிடுவார்கள், மாற்று உடுப்புக் கொண்டுபோங்கள்.

கொழும்பிலிருந்து ஒரு தங்கை: வெள்ளிக்கிழமை அங்கே இருப்போம். கோயில் ஏதும் உண்டா அக்கா?

உண்டு. ஐரோப்பாப்பிளாட்ஸ் போங்கள், 7, 8 இலக்க ட்ராம் இரண்டும் போகும். நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் சமயங்களின் இல்லம் என்ற கட்டடம், 2014 டிசம்பரில் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகம் போல் இருக்கும். உள்ளே போனால் ஒரே கூரையின் கீழ் நம் சைவக் கோயில், பள்ளிவாசல், பௌத்தர் கூடம், கிறிஸ்தவ ஆலயம், அலெவி என்ற சமயப் பிரிவினரின் மன்றம். நம் கோயிலில் பூசை தமிழில்தான். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் வாடகை மண்டபங்களில் சாமி வைத்துக் கும்பிட்ட காலம் எங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. அங்கே தேவாரம் கேட்கும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும்.

சென்னையிலிருந்து இயற்பியல் மாணவி: ஐன்ஸ்டீன் வீடு பார்க்கத் தகுந்ததா?

க்ராம்காஸ தெரு, 49-ஆம் இலக்கம். 1903 முதல் 1905 வரை குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த சின்ன வீடு. காப்புரிமை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே சிறப்புச் சார்பியல் கட்டுரையை எழுதிய வருடம் 1905. ஒடுங்கிய படி, இரண்டு மூன்று அறை. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அந்த ஒடுக்கத்தைப் பார்க்கத்தான் போக வேண்டும் தங்கச்சி. விரிவாகப் படிக்க வேண்டுமானால் வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் அவருக்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

கோவை ஆசிரியை மறுபடியும்: பேர்னிலிருந்து யுங்ஃப்ராயோக் பனிமலைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும், விடியவே கிளம்ப வேண்டும். 3,454 மீட்டர் உயரம், காற்று மெலிவு. மூச்சுத் திணறல், இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். காலையில் முதல் வேலையாக மலை உச்சியின் நேரடிக் காட்சியை இணையத்தில் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் மேலே போகும் ரயிலுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். தூன் ஏரியில் படகேறுங்கள், அல்லது குர்டனில் உட்காருங்கள். வானம் தெளிந்த நாளில் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று பனிச்சிகரங்களும் குர்டனிலிருந்தே வரிசையாகத் தெரியும்.

ஒரு வாசகர்: ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறோம். சாமான் வாங்க முடியுமா?

கடைகள் பூட்டு. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையும் மாலை ஐந்து மணியோடு சரி.

லண்டனிலிருந்து ஒரு அக்கா: நவம்பரில்தான் விடுமுறை கிடைக்கும். அப்போது வந்து என்ன பயன்?

கரடிகள் அநேகமாகத் தூங்கப் போயிருக்கும், ஆற்றில் இறங்க முடியாது. ஆனால் நவம்பர் நாலாவது திங்கட்கிழமையைப் பிடியுங்கள், வெங்காயச் சந்தை. உழவர்கள் வெங்காயத்தைச் சடை சடையாகப் பின்னி, காய்ந்த பூ வைத்துக் கட்டிக் கொண்டுவருவார்கள். ஊரே இருட்டோடு எழும்பும். நான் காலை ஐந்து மணிக்கு முன்னமே போய்விடுவேன். குளிரில் மூச்சு புகையும், தெரு முழுக்க வெங்காயப் பணியார வாசனை. கையுறை, காதை மூடும் தொப்பி இரண்டும் எடுத்து வாருங்கள் அக்கா. விடுதியை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், அந்த வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம்.