கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்

கேள்வி: முதியோர் இல்லத்தில் பல வருடங்களாகப் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களின் திறமையை மதிப்பிடும் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு என்னென்ன வேண்டும், அம்மா?

பதில்: வேலை உங்களுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவும் தெரிய வேண்டும். அனுபவசாலிகளுக்கு இதுதான் சிரமம். ஒருவர் திணறினால் நம் கை தானாக நீளும். முதியவருக்கு ஆபத்து என்றால் உடனே குறுக்கிடுங்கள். மற்றபடி பொறுங்கள். நீங்கள் கைகொடுத்த வேலையை அவர் செய்ததாக எழுத முடியாதே.

வாய்ப் பதிலை மட்டும் நம்பாதீர்கள். ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990-இல் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: விஷயம் தெரியும், செய்முறை தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்கிறார். கேள்வித்தாள் முதல் இரண்டோடு நின்றுவிடும். படுக்கைப் புண்ணைத் தடுக்க என்ன செய்வீர்கள் என்றால், "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். திருப்பும்போது பாருங்கள். தோல் உரசும்படி இழுக்கிறாரா? குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் கவனிக்கிறாரா? சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறாரா? அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சூடு, இறுக்கம், வலி ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் சொல்லாமலே ஒருவர் அப்படித் தொட்டுப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சாப்பாடு ஊட்டும்போதும் இப்படித்தான். நிமிர்த்தி உட்காரவைத்தாரா, விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்கிறாரா, இருமலோ குரலில் களகளப்போ வந்தால் நிறுத்துகிறாரா என்று பாருங்கள்.

அப்புறம், நியாயம். சிரித்த முகமாக இருப்பவர் கையையும் ஒழுங்காகக் கழுவுவார் என்று மனது முடிவு கட்டிவிடும். ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளில் இதே சாய்வு இருந்ததை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே எழுதியிருக்கிறார். அதனால் பார்த்ததை அப்போதே குறித்துவையுங்கள். "அக்கறையானவர்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "போர்வையை விலக்கும் முன் பாட்டியிடம் சொன்னார், திரையை இழுத்துவிட்டார்" என்று எழுதுங்கள். நீங்கள் அங்கே நிற்பதற்கும் அந்தப் பாட்டியின் சம்மதம் வேண்டும். குளிப்பாட்டும் நேரம் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: கூட வேலை பார்க்கும் தோழியிடம் "இன்னும் தேறவில்லை" என்று எப்படிச் சொல்வது?

பதில்: அன்றைக்கே, தனியாக, உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதலில் அவரையே கேளுங்கள், எது சரியாக வரவில்லை என்று. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். பிறகு நீங்கள் குறித்ததைப் படித்துக் காட்டி, எதைப் பழக வேண்டும், மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள். நட்பு குறுக்கே வருகிறது என்று தோன்றினால், அடுத்த முறை வேறு ஒருவரை மதிப்பிடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.